தலவாக்கலையிலிருந்து ஒரு நானோ ஒசிலேட்டர்: லேப் இல்லாமல் கற்றுக்கொண்டவை

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் இருந்துகொண்டு நானோ காந்தங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றால், உடனே வருகிற கேள்வி "லேப் எங்க இருக்கு?" என்பதுதான். லேப் இல்லை. ஒரு லேப்டொப், தூரத்தில் இருக்கும் சேர்வர் ஒன்றில் கொஞ்ச நேரம், மேசையில் ஒரு கொப்பி. இவ்வளவை வைத்துக்கொண்டே இந்தத் துறையில் பயனுள்ள வேலை செய்யலாம் என்பது என் அனுபவம். ஒரே ஒரு நிபந்தனை: கணினி எந்த எண்ணைச் சொன்னாலும், அதைக் கொப்பியில் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடாமல் நம்பக் கூடாது. இந்தப் பழக்கம் இருந்தால் ஹட்டனில் இருக்கிறீர்களா, ஜெர்மனியில் இருக்கிறீர்களா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்துவிட்டு பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிற நம் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பலர் இறுதியாண்டு ஆய்வுத் திட்டம் என்றதும், பெரிய கருவி இல்லாத ஊரில் என்ன செய்ய முடியும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கவே தேவையில்லாத துறைகளில் இது ஒன்று.

முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடலாம். இலத்திரனுக்கு மின்னேற்றம் இருப்பது போல ஸ்பின் என்ற கோண உந்தமும் உண்டு. ஒரு பக்கமாக ஸ்பின் திரும்பிய இலத்திரன்களை மெல்லிய காந்தப் படலமொன்றுக்குள் செலுத்தினால், அவை தங்கள் கோண உந்தத்தை அந்தக் காந்தத்திடம் கொடுத்துவிடுகின்றன. காந்தத்தின் மீது ஒரு முறுக்கம் விழுகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜான் ஸ்லோன்செவ்ஸ்கியும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூக் பெர்ஜரும் 1996இல் தனித்தனியாக இதைக் கணித்துச் சொன்னார்கள். நேரோட்டம் மட்டும் கொடுத்து ஒரு நானோ காந்தத்தை ஜிகாஹெர்ட்ஸ் மீடிறனில் தொடர்ந்து ஆட வைக்கலாம் என்று 2003இல் கோர்னெல் பல்கலைக்கழகக் குழுவினர் அளந்து காட்டினார்கள். மீடிறன் என்று நான் எழுதும் இடமெல்லாம் தமிழ்நாட்டு வாசகர்கள் அதிர்வெண் என்று வாசித்துக்கொள்ளலாம்.

அப்புறம் 2012இல் இன்னும் எளிமையான ஒரு வடிவம் வந்தது. பிளாட்டினம் போன்ற கனமான உலோகத்தில் மின்னோட்டம் ஓடும்போது, எதிரெதிர் ஸ்பின் கொண்ட இலத்திரன்கள் எதிரெதிர் மேற்பரப்புகளுக்கு ஒதுங்குகின்றன. இதுதான் ஸ்பின் ஹோல் விளைவு. டியாகோனோவும் பெரலும் 1971இலேயே கணித்திருந்தார்கள். பிளாட்டினத்தின் மேல் பெர்மலோய், அதாவது 80க்கு 20 விகித நிக்கல்-இரும்புக் கலவைப் படலம் இருந்தால், ஒதுங்கி வரும் ஸ்பின்கள் அதற்குள் ஏறிவிடும். மின்னோட்டம் காந்தத்தைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. படலத்தில் ஒரு இடத்தை 100, 150 நானோமீட்டர் அகலத்துக்கு இடுப்பு போலக் குறுக்கிவிட்டால் மின்னோட்டம் அங்கே நெருக்கமாகிறது. ஆட்டமும் அங்கேயே பிறக்கிறது. நான் பெரும்பாலும் வேலை செய்வது இந்த வகையோடுதான்.

ஆட்டம் பிறப்பது எப்படி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காந்தத்தைச் சற்றுச் சாய்த்துவிட்டால் அதன் காந்தமாக்கம் புலத்தின் திசையைச் சுற்றிச் சுழன்று, தணிந்து தணிந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். ஸ்பின் ஓட்டம் சரியான திசையில் வந்தால் இந்தத் தணிவை எதிர்க்கும். ஓட்டத்தைக் கூட்டக் கூட்டத் தணிவு குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் பூச்சியமாகிறது. அந்த வாசல் மின்னோட்டத்தைத் தாண்டியதும் காந்தம் தானாகவே ஆடத் தொடங்குகிறது. அதன் தடையும் சேர்ந்து ஆடுவதால், மின்னோட்டத்தின் மேல் ஒரு நுண்ணலைச் சமிக்ஞை வந்துவிடுகிறது. இப்படித் தானாக ஆடிக்கொண்டிருக்கும் சாதனத்தைத்தான் ஒசிலேட்டர் என்கிறோம்.

இதைக் கணினியில் கணிக்க நான் பயன்படுத்துவது பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் உருவான மியூமேக்ஸ்3. இலவசம். ஆனால் என்விடியா கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் ஓடாது. கார்ட் இல்லாதவர்கள் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தில் உருவான ஓ.ஓ.எம்.எம்.எஃப். மென்பொருளைச் சாதாரணக் கணினியிலேயே ஓட்டலாம். மெதுவாகத்தான் போகும், ஆனால் நம்பகமானது. கூகுள் கோலாப் தருகிற இலவசக் கார்டில் மியூமேக்ஸை ஏற்றி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். சின்ன வேலைகளுக்கு அது தாராளம். இடையில் இணைப்பு அறுந்துவிடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலையில் இருந்து வேலை செய்பவனுக்கு இந்த அறுந்துபோகிற விஷயம்தான் முதல் பாடம். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தது. அந்த நிலைமை மாறிவிட்டது என்றாலும், காற்றும் மழையுமாக இருக்கிற மாதங்களில் லைனில் மரம் விழுந்தால் இன்றைக்கும் மணிக்கணக்கில் இருட்டுத்தான். அதனால் எந்தக் கணிப்பும் வீட்டு லேப்டொப்பில் ஓடக் கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்தேன். லேப்டொப் எழுதுவதற்கும் வரைபடம் பார்ப்பதற்கும் மட்டும். ஓடுவது சேர்வரில். சேர்வருக்குள் டிமக்ஸ் போன்ற ஒன்றைத் திறந்து அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டால், போன் டேட்டா போனாலும் வேலை நிற்காது. மறுநாள் காலையில் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தால் போதும். காந்தமாக்க நிலையைக் குறிப்பிட்ட இடைவெளியில் தானாகச் சேமிக்கும்படி எழுதிவைத்தால், சேர்வரே விழுந்தாலும் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரலாம்.

அடுத்தது கோப்பின் அளவு. இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். மென்பொருள் படலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணிக்கும். 512க்கு 512 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் காந்தமாக்கத்தின் மூன்று கூறுகள், கூறொன்றுக்கு 4 பைட். ஒரே ஒரு படத்துக்கு ஏறத்தாழ 3 மெகாபைட் வந்துவிடுகிறது. ஆயிரம் படம் சேமித்தால் 3 ஜிகாபைட். தோட்டத்தில் ரீலோட் பண்ணி டேட்டா வாங்கும் ஒருவருக்கு இது கட்டுப்படியாகாது. ஆனால் முழுக் காந்தத்தின் சராசரியை மட்டும் 10 பிக்கோசெக்கனுக்கு ஒருமுறை அட்டவணையில் எழுதச் சொன்னால், 100 நானோசெக்கனுக்கு 10,000 வரிகள்தான் வரும். அரை மெகாபைட் அளவு. மீடிறன் பார்ப்பதற்கு இந்த அட்டவணையே போதும். இடுப்புப் பகுதியின் சராசரியைத் தனி நிரலாகக் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. படங்களைச் சேர்வரிலேயே வைத்து அங்கேயே ஆராய்ந்து, தேவைப்படுகிற ஒன்றிரண்டை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

சரி, இப்போது கொப்பிக்கு வருவோம். பொகவந்தலாவைப் பக்கமிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு தங்கச்சி, என் திரையில் இருந்த வரைபடத்தைக் காட்டிக் கேட்டார்: "சேர், இந்த நம்பர் சரின்னு எப்பிடி சேர் தெரியும்? கம்பியூட்டர் எதையாச்சும் சொல்லும்தானே?" இந்தத் துறையில் கேட்கக்கூடிய மிகச் சிறந்த கேள்வி அதுதான். அன்று அவரோடு உட்கார்ந்து போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்.

மெல்லிய படலம் ஒன்று, புலம் அதன் தளத்திலேயே இருக்கிறது. அப்போது காந்தத்தின் இயல்பான மீடிறனை கிட்டல் சூத்திரம் தருகிறது. புலத்தை டெஸ்லாவில் எடுங்கள். அதனோடு படலத்தின் காந்தமாக்கத்தை, அதையும் டெஸ்லாவில், கூட்டுங்கள். இந்தக் கூட்டுத்தொகையைப் புலத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, 28ஆல் பெருக்கினால் விடை ஜிகாஹெர்ட்ஸில் வரும். பெர்மலோயின் காந்தமாக்கம் மீட்டருக்கு 800 கிலோஆம்பியர். டெஸ்லாவில் 1.005. புலம் 50 மில்லிடெஸ்லா என்று வையுங்கள். 0.05ஐ 1.055ஆல் பெருக்கினால் 0.05275. வர்க்கமூலம் 0.2297. 28ஆல் பெருக்க 6.43 ஜிகாஹெர்ட்ஸ்.

பிறகு மியூமேக்ஸில் 5 நானோமீட்டர் தடிப்புள்ள படலத்தை எடுத்து, பக்கங்கள் முடிவின்றித் தொடர்வது போன்ற எல்லை நிபந்தனையைப் போதிய அளவு கொடுத்து, காந்தமாக்கத்தை ஓரிரு பாகை சாய்த்து விட்டோம். அட்டவணையை ஃபூரியர் மாற்றம் செய்ததில், அதாவது ஆட்டத்தில் எந்த மீடிறன் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்த்ததில், உச்சி 6.4இல் வந்து நின்றது. "வந்துருச்சு சேர்!" என்றார். அந்த மகிழ்ச்சி நியாயமானது. இந்த ஒரு உச்சியே காந்தமாக்கம், அலகுகள், புலத்தின் திசை, நேர இடைவெளி எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரிபார்த்துக் கொடுத்துவிடுகிறது.

இத்தோடு நிறுத்தக் கூடாது. அதே அட்டவணையில் ஆட்டம் எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்றும் பாருங்கள். தணிவு எண் 0.01 என்றால், அதைப் புலமும் காந்தமாக்கத்தின் பாதியும் சேர்ந்த தொகையால், இங்கே 0.5525ஆல், பெருக்க வேண்டும். பிறகு காந்தச் சுழல் விகிதமான 1.76 × 10¹¹ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 9.7 × 10⁸ வருகிறது. அதாவது ஏறத்தாழ ஒரு நானோசெக்கனில் ஆட்டத்தின் வீச்சு, தொடக்கத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்கு இறங்கிவிட வேண்டும். வீச்சின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்வு இந்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

இப்போது ஸ்பின் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாசலை எட்டுகிற அளவுக்கு வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்தச் சாய்வைக் குறித்துக்கொண்டு, ஓட்டத்துக்கு எதிராக வரையுங்கள். அதுவும் நேர்கோடாக இறங்கி, பூச்சியத்தை வெட்டும் இடத்தில் வாசல் ஓட்டத்தைக் காட்டிவிடும். இதையும் கையால் போடலாம். மின்னோட்டத்தில் எவ்வளவு பங்கு ஸ்பின் ஓட்டமாக மாறுகிறது என்பதைக் காட்டும் ஸ்பின் ஹோல் கோணம் 0.08, படலத் தடிப்பு 5 நானோமீட்டர், ஸ்பின்களும் காந்தமாக்கமும் ஒரே அச்சில் என்று எடுத்தால், பிளாட்டினத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 × 10¹¹ ஆம்பியர் தேவை. 150 நானோமீட்டர் அகலம், 5 நானோமீட்டர் தடிப்புள்ள பிளாட்டினத்தில் அது 0.6 மில்லிஆம்பியர் அளவு. ஆய்வுக் கட்டுரைகளில் மில்லிஆம்பியர் கணக்கில் ஓட்டம் கொடுப்பதைப் பார்க்கும்போது, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும்.

உண்மையான சாதனத்தில் வாசல் இதைவிட மேலே போகும். பிளாட்டினம் பக்கத்தில் இருந்தாலே பெர்மலோயின் தணிவு கூடிவிடுகிறது. ஆடும் காந்தம் தன் கோண உந்தத்தைப் பிளாட்டினத்துக்குள் இறைத்துவிடுவதுதான் காரணம். தணிவு எண் 0.02 என்றால் வாசலும் இரட்டிப்பு. அதுபோக மின்னோட்டத்தில் ஒரு பகுதி பெர்மலோய் வழியாகவே ஓடிவிடுகிறது. இவற்றையெல்லாம் சிமுலேஷனில் போடாமல், "பரிசோதனையோடு ஒத்துவரவில்லை" என்று முடிவு எழுதக் கூடாது.

என் மேற்பார்வையாளர் எங்களுக்கு வைத்த ஒரு விதி உண்டு: ஓட்டத்தின் குறியை மாற்றி ஒருமுறை ஓட்டாமல் எந்த முடிவையும் கொண்டுவரக் கூடாது. ஒரு திசையில் ஆட்டம் நீடிக்க வேண்டும், மறு திசையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் சாக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்தால் எங்கேயோ கோளாறு. பிளாட்டினத்துக்கும் டங்ஸ்டனுக்கும் ஸ்பின் ஹோல் விளைவின் குறி எதிரெதிர். உலோகம் பெர்மலோய்க்கு மேலா கீழா என்பதைப் பொறுத்தும் குறி மாறும். மென்பொருள் நேர் ஓட்டம் என்று எதை எடுக்கிறது, இலத்திரன் போகும் திசையையா, அதற்கு எதிர்த் திசையையா என்பதும் சேர்ந்தால் தலை சுற்றும். குறியைப் புத்தகம் பார்த்துத் தீர்மானிப்பதைவிட, தணிவு கூடுகிறதா குறைகிறதா என்று ஓட்டிப் பார்த்துத் தீர்மானிப்பதுதான் பாதுகாப்பு.

அலகு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய கட்டுரைகள் எர்ஸ்டெட்டிலும், கன சென்டிமீட்டருக்கு இ.எம்.யு. என்றும் எழுதும். 10,000 எர்ஸ்டெட் என்றால் 1 டெஸ்லா. கன சென்டிமீட்டருக்கு 1 இ.எம்.யு. என்றால் மீட்டருக்கு 1 கிலோஆம்பியர். மின்னோட்ட அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கா சதுர மீட்டருக்கா என்று இரண்டு தடவை பாருங்கள், இடையில் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்.

கட்டத்தின் அளவைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்பதுண்டு. பெர்மலோயில் பரிமாற்ற நீளம் 5.7 நானோமீட்டர் அளவு. பக்கத்துப் பக்கத்துக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் தூரம் அது. கட்டம் அதைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். நான் 4 நானோமீட்டரில் தொடங்குவேன், அப்புறம் 2க்கு இறக்கி ஒருமுறை ஓட்டுவேன். மீடிறன் நகராமல் இருந்தால் 4லேயே மிச்ச வேலையைச் செய்யலாம். நகர்ந்தால் 4இல் கிடைத்த எதையும் எழுதக் கூடாது. வளைந்த இடுப்பு ஓரங்கள் சதுரக் கட்டங்களில் படிக்கட்டு மாதிரி வந்துவிடும். அதனால் ஓரத்தோடு ஒட்டி ஆடும் முறைகளில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். கட்டங்களின் எண்ணிக்கை 256, 512 என்று இரண்டின் அடுக்காக இருந்தால் வேகமாக ஓடும். இரவல் சேர்வரில் நேரம் எண்ணி எண்ணிச் செலவழிப்பவருக்கு அது பெரிய லாபம்.

நேரமும் அப்படித்தான். 20 நானோசெக்கன் மட்டும் ஓட்டினால் மீடிறன் வரைபடத்தில் 50 மெகாஹெர்ட்ஸைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு உச்சிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. 100 நானோசெக்கன் ஓட்டினால் 10 மெகாஹெர்ட்ஸ். தொடக்கத்தில் காந்தம் தன் ஆட்டத்துக்கு வந்து சேரும் வரையுள்ள பகுதியை வெட்டிவிட்டுத்தான் ஃபூரியர் மாற்றம் செய்ய வேண்டும். அந்தப் பகுதியை விட்டுவைத்தால் உச்சிக்குப் பக்கத்தில், உண்மையில் இல்லாத உச்சிகள் முளைக்கும்.

ஓரங்களைப் பற்றி மென்பொருள்களின் பயிற்சிக் குறிப்புகள் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் கருத்து. இடுப்பில் பிறக்கும் ஸ்பின் அலைகள், அதாவது காந்தமாக்கத்தின் ஆட்டம் படலத்தில் பரவும் அலைகள், வெளியே ஓடும். நிஜச் சாதனத்தில் அவை தூரத்தில் தணிந்து மறைந்துவிடும். சிமுலேஷனில் நாம் வரைந்த பெட்டியின் ஓரத்தில் முட்டித் திரும்பி வந்து, இடுப்பில் நடப்பதையே மாற்றிவிடும். ஓரத்தை நெருங்க நெருங்கத் தணிவு எண்ணைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனால் அலை உறிஞ்சப்பட்டுவிடும். ஒரேயடியாக ஏற்றினால் அந்த எல்லையே ஒரு சுவராகித் திருப்பி அனுப்பும். பெட்டியைப் பெரிதாக்கி ஒருமுறை ஓட்டி, மீடிறன் அசையாமல் இருப்பதைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. மின்னோட்டம் தானே உண்டாக்கும் காந்தப்புலத்தையும் விட்டுவிடக் கூடாது. மில்லிஆம்பியர் ஓட்டம் இவ்வளவு குறுகிய இடத்தில் போகும்போது அந்தப் புலம் சும்மா இருக்காது, ஆட்டம் எந்தப் பக்க ஓரத்தில் பிறக்கும் என்பதையே தீர்மானிக்கக்கூடும்.

வாசலைத் தாண்டியதும் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புலம் தளத்தில் இருக்கும்போது, ஓட்டத்தைக் கூட்டினால் ஆட்டத்தின் வீச்சு கூடும், மீடிறன் இறங்கும். இறங்கி, அந்தப் படலத்தில் ஸ்பின் அலைகள் ஓடக்கூடிய மிகக் குறைந்த மீடிறனுக்கும் கீழே போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஆட்டம் வெளியே அலையாக ஓட வழியில்லாமல், இடுப்பிலேயே ஒரு சின்னப் புள்ளியாகச் சுருண்டுகொள்கிறது. ஸ்லாவினும் டிபெர்கெவிச்சும் 2005இல் கோட்பாடாகச் சொன்ன புல்லட் முறை இதுதான். புலத்தைத் தளத்திலிருந்து தூக்கிச் செங்குத்துப் பக்கமாகக் கொண்டுபோனால் கதை தலைகீழாகும்: வீச்சு கூடக் கூட மீடிறனும் ஏறும், அலை வெளியே பரவும். ஒரே சாதனம்தான். புலத்தின் கோணத்தைத் திருப்புவதால் மட்டும் இவ்வளவும் மாறுகிறது. இதை முதல்முறை உங்கள் சொந்த வரைபடத்தில் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை எந்தப் பாடப்புத்தகமும் தராது.

பிறகு, வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் குறுகிய காலம் இருந்து அளவீடு செய்வதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே புரிந்த ஒன்று, இங்கே இருந்து கணிப்புச் செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும். கருவி காந்தமாக்கத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை, தடை ஆடுவதைத்தான் பார்க்கிறது. பெர்மலோயின் தடை, மின்னோட்டத்துக்கும் காந்தமாக்கத்துக்கும் இடையிலான கோணத்தின் கோசைன் வர்க்கத்தைப் பொறுத்தது. ஸ்பின் ஓட்டம் தணிவை மிக அதிகமாக எதிர்ப்பது, காந்தமாக்கம் மின்னோட்டத்துக்குச் செங்குத்தாக இருக்கும்போது. ஆனால் அதே நிலையில் காந்தமாக்கம் இந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் சாய்ந்தாலும் தடை ஒரே மாதிரிதான் மாறும். அதனால் அடிப்படை மீடிறனில் சமிக்ஞை வராது, இரட்டிப்பு மீடிறனில்தான் வரும். பரிசோதனை செய்பவர்கள் புலத்தைச் செங்குத்திலிருந்து கொஞ்சம் திருப்பி வைப்பது இதற்காகத்தான். ஆகவே அட்டவணையிலிருந்து ஒரு கூறை எடுத்து அப்படியே ஃபூரியர் மாற்றம் செய்து, "கருவியில் இது தெரியும்" என்று எழுதிவிடக் கூடாது. கோணத்தைக் கணக்கில் எடுத்துத் தடையை வரவழைத்து, அதைத்தான் மாற்றம் செய்ய வேண்டும்.

சமிக்ஞை எவ்வளவு சின்னது என்பதும் அங்கேதான் உறைத்தது. இந்த இடுப்பு வகைச் சாதனங்களில் வருவது பிக்கோவாட் அளவுதான், ஒரு பிக்கோவாட் என்றால், ஒரு மில்லிவாட்டைப் பூச்சியமாக வைத்து எண்ணும் டெசிபெல் அளவில், மைனஸ் 90 டி.பி.எம். பெருக்கி இல்லாமல் அதைப் பார்ப்பது கஷ்டம். இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவில் மெல்லிய காவலிப் படலம் வைத்த காந்தச் சுரங்கச் சந்திகள் மைக்ரோவாட் வரை தரும், ஆனால் அவற்றின் நடுவில் உள்ள மக்னீசியம் ஒக்சைட்டுப் படலம் ஒரு நானோமீட்டர் அளவுதான் தடிப்பு. உடம்பில் இருக்கும் நிலைமின்னே அதைத் துளைத்துவிடும். மணிக்கட்டில் நிலத்தொடுப்புப் பட்டி இல்லாமல் யாரும் முனைகளுக்குப் பக்கத்தில் போக விடமாட்டார்கள். நீங்களும் எங்கேயாவது அப்படியொரு மேசைக்கு முன்னால் உட்கார நேர்ந்தால், முதலில் அந்தப் பட்டியைக் கேளுங்கள்.

வெப்பநிலையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பூச்சிய கெல்வினில் ஓட்டிய சிமுலேஷனில் உச்சி ஊசி மாதிரி இருக்கும். அதன் அகலம் நீங்கள் ஓட்டிய நேரத்தைத்தான் காட்டுகிறது, பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கோட்டகலம், அதாவது நிஜச் சாதனத்தில் அந்த உச்சியின் அகலம், பற்றிப் பேச வேண்டுமென்றால் வெப்ப இரைச்சலைச் சேர்த்து, வேறு வேறு எழுமாற்றுத் தொடக்கங்களுடன் பல தடவை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். சேர்வர் நேரம் அதிகம் செலவாகும் வேலை என்பதால், மற்ற எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகு கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது.

தனி ஒசிலேட்டர் பலவீனமானது, அதன் கோடும் அகலமானது. அதனால்தான் பலவற்றைச் சேர்ந்தாட வைக்கும் முயற்சி. எங்கள் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது லேசு. தலவாக்கலை அணையிலிருந்து தண்ணீர் போகும் மேல் கொத்மலை மின்நிலையத்தில், ஒரு ஜெனரேட்டரை நாட்டின் 50 ஹெர்ட்ஸ் வலையமைப்போடு இணைக்கும் முன் மீடிறன், அவத்தை (ஆட்டம் தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது), வோல்ற்றளவு மூன்றையும் பொருத்துகிறார்கள். இணைந்த பிறகு வலையமைப்பே அதைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். நானோ ஒசிலேட்டர்களைப் பொருத்திவிட ஆள் இல்லை. ஸ்பின் அலைகளும் காந்தப்புலமும் வழியாக அவை ஒன்றையொன்று இழுத்து, மீடிறன்கள் போதிய அளவு நெருக்கமாக இருந்தால் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. இரண்டு ஒசிலேட்டர்கள் இப்படிப் பூட்டிக்கொண்டதை 2005இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. கொத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் யோஹான் ஒகர்மன் குழுவினர் 2017இல் வரிசையாக 9 இடுப்புகளையும், 2020இல் 8க்கு 8 என்று 64ஐயும் சேர்ந்தாட வைத்தார்கள். அந்த 64இல் மீடிறனுக்கும் கோட்டகலத்துக்குமான விகிதம் 170,000ஐ எட்டியது. 2017இலேயே பிரான்ஸில் ஜூலி க்ரோலியே குழுவினர் ஒரே ஒரு ஒசிலேட்டரைக் கொண்டு பேசப்பட்ட இலக்கங்களை அடையாளம் காண வைத்தார்கள். மூளை போல வேலை செய்யும் கணினிகளுக்கு இவை வேண்டும் என்று பலர் பின்னால் நிற்பது இதனால்தான்.

சேர்ந்தாடுவதைக் கணிக்கும்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. இரண்டு இடுப்புகளுக்கும் வேண்டுமென்றே சற்று வேறுபட்ட அகலம் கொடுப்பேன். ஒரே அகலம் கொடுத்தால் இரண்டும் தற்செயலாக ஒரே மீடிறனில் ஆடும், பூட்டியதா இல்லையா என்று சொல்ல முடியாது. இரண்டின் அட்டவணையையும் தனித்தனியாக எடுத்து, அவத்தை வேறுபாடு நேரத்தோடு நகர்கிறதா, ஓர் இடத்தில் நின்றுவிடுகிறதா என்று பார்ப்பேன். நின்றால்தான் பூட்டு. பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் எங்கே பூட்டு விடுகிறது என்று பார்ப்பேன். எவ்வளவு தள்ளி வைத்தாலும் விடவே இல்லையென்றால், பெட்டி ஓரத்தில் திரும்பும் அலையோ எல்லை நிபந்தனையோ வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக, வெளியில் இருக்கும் ஆய்வகங்களுக்கு எழுதுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு. "எனக்கு இந்தத் துறையில் ஆர்வம்" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது அபூர்வம். நிஸ்ட் நிறுவனம் நுண்காந்தவியல் மென்பொருள்களைப் பரிசோதிக்க வைத்திருக்கும் நான்காம் நியமக் கணக்கைச் செய்யுங்கள்: 500க்கு 125க்கு 3 நானோமீட்டர் பெர்மலோய்த் துண்டு, புலம் கொடுத்ததும் எப்படித் திரும்புகிறது என்பதுதான் கேள்வி. பலர் அனுப்பிய விடைகள் அங்கே வரைபடமாக இருக்கின்றன. உங்கள் கோட்டை அவற்றின் மேல் போட்டு ஒரு படம். கிட்டல் சோதனை ஒரு படம். தணிவுச் சாய்வு பூச்சியத்தை வெட்டும் படம் ஒன்று. மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்து, கீழே நீங்கள் கேட்க விரும்பும் கேள்வியை நான்கு வரியில் எழுதுங்கள். எனக்குப் பதில் வந்ததெல்லாம் அப்படிப்பட்ட கடிதங்களுக்குத்தான். சேர்வர் நேரமும் அப்படித்தான் கிடைத்தது.

அந்தப் பொகவந்தலாவைத் தங்கச்சி நான்காம் நியமக் கணக்கை ஓ.ஓ.எம்.எம்.எஃப்.பில் தன் பழைய லேப்டொப்பிலேயே முடித்துவிட்டார். இப்போது பிளாட்டினத்தை எடுத்துவிட்டு டங்ஸ்டன் போட்டு, வாசல் ஓட்டம் எங்கே போகிறது என்று கொப்பியில் முதலில் போட்டுக்கொண்டிருக்கிறார்.